கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிடம்

தூக்கம் வராதவனுக்கு ஊரெல்லாம் டாக்டர். கசகசாவைப் பாலில் அரைத்துக் குடி என்றார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவு என்றார்கள். மல்லாந்து படுத்து நூறிலிருந்து பின்னோக்கி எண்ணு என்றார் எதிர் வீட்டுக்காரர். எண்ணினேன். ஒன்று வந்ததும் அவர் மேல் கோபம் வந்தது, தூக்கம் வரவில்லை. 'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பார்கள். அதைச் சொன்னவன் நன்றாகத் தூங்கி எழுந்து சொல்லியிருக்கிறான்.

எட்டு மாதம் அப்படி இருந்தேன். இப்போது பத்தரைக்குப் படுத்தால் ஐந்தரைக்குத்தான் கண் திறக்கிறேன். எப்படிக் குணமானது என்று கேட்பவர்களுக்கு டாக்டரம்மாவைக் கைகாட்டி விடுவேன். அது முழு உண்மை இல்லை. மீதியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சேகர். எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினேன். அறுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து கீழே பார்த்தபடி, பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். லாரியின் மூலைகளில் இருக்கும் பூட்டுகளில் பெட்டி சரியாக உட்கார வேண்டும். அந்தப் பூட்டுகளைத் திருப்ப கீழே ஒருவர் நிற்பார். மேலிருந்து பார்த்தால் அவருடைய மஞ்சள் தொப்பி மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பத்தொன்பது வருடமும் இப்படியே உடம்பை உருட்டி உருட்டி விளையாடினால் ஒரு நாள் அது கோபித்துக்கொள்ளாதா? கோபித்துக்கொண்டது.

வீடு திருவொற்றியூரில், ஒற்றை அறையும் ஒரு சமையலறையும். இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் வந்து படுத்தால் லாரி ஹாரன், தண்ணீர் வண்டி, பக்கத்து வீட்டு மிக்ஸி. என் மனைவி விஜயா என்னைத் தூங்கவைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. குக்கர் விசில் போடும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, வேகாத பருப்பை அவளே சாப்பிடுவாள். தேங்காயை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்த் துருவுவாள். கல்லூரியில் படிக்கும் மகள் கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். இதற்கெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் சத்தம் போடாமல் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது என்று கத்தினேன். ஒரு நாள் விஜயா கதவை மெதுவாகச் சாத்தியபோது தலையணையை எடுத்து அவள் முகத்தில் அடித்தேன். அவள் தலையணையை எடுத்து உறை மாற்றி மறுபடி வைத்தாள். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை.

டோல்கேட்டில் தெரிந்த மருந்துக் கடை ஒன்று இருந்தது. சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை கொடுத்தான். முதலில் பாதி, அப்புறம் ஒன்று. ஆறாவது மாதம் ஒரு நாளைக்கு நான்கு. மாத்திரை போட்டால் தூக்கம் வராது; தூக்கம் வராததைப் பற்றிய பயம் மட்டும் கொஞ்ச நேரம் போகும். அதற்காகவே போட்டேன்.

வேலையில் எனக்கு 'ராக்கோழி' என்று பேர் வைத்தார்கள். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. காரணம் எங்கள் யார்டின் ஒரு வழக்கம். ஒரு கிரேனுக்கு இரண்டு ஆபரேட்டர். எட்டு மணி நேர ஷிஃப்டில் முதல் நான்கு மணி ஒருவன் மேலே, அடுத்த நான்கு மணி இன்னொருவன். கீழே இருப்பவன் கூப்பிட்ட குரலுக்குத் தயாராக நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஓய்வு அறை பெஞ்சில் காலை நீட்டித் தூங்குவான் என்பது எங்கள் விதி. என் ஜோடி பாஸ்கர். புளியந்தோப்புக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன், படுத்த மூன்றாவது நிமிடம் குறட்டை விடுகிற பாக்கியவான். அந்தப் பெஞ்சில் தூக்கம் வராமல் புரண்டு, அடுத்தவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடக் கூண்டில் உட்காருவது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆகவே அவனுடைய பாதியையும் நானே ஓட்ட ஆரம்பித்தேன்.

கிரேனில் உட்காருகிறவன் தன் அட்டையைச் சொருக வேண்டும். எத்தனை பெட்டி தூக்கினான் என்பது அந்த அட்டையின் பேரில் ஏறும். நான் அவன் பாதியை ஓட்டும்போது அவன் அட்டையைச் சொருகிவிட்டு ஓட்டுவேன். இல்லாவிட்டால் அவன் எண்ணிக்கை குறைந்து மேஸ்திரி கேள்வி கேட்பார். யார்டில் எல்லா ஜோடியும் அவசரத்துக்கு இப்படிச் செய்வதுதான். நாங்கள் தினமும் செய்தோம். பாஸ்கரின் மனைவி தேவி ஒரு முறை கல்யாண வீட்டில் பார்த்தபோது, "அண்ணே, உங்க புண்ணியத்துல இவரு வூட்டுக்கு வந்து சிரிச்சிப் பேசுறாரு" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. என் வீட்டில் நான் சிரித்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

அன்று காலை ஷிஃப்ட். பத்து மணிக்கு என் பாதி முடிந்தது. பாஸ்கரின் அட்டையைச் சொருகிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை இருக்கும், நல்ல வெயில். கீழே பூட்டுத் திருப்புபவர் தேசப்பன். எண்ணூர்க்காரர், ஐம்பது வயது தாண்டியவர், முன்பு கழிமுகத்தில் வலை போட்டவர். மீன் போனதும் காண்ட்ராக்ட்டில் இங்கே வந்துவிட்டார். பெட்டி லாரிக்கு மேலே ஒரு அடி உயரத்தில் நின்றது. ஒரு பூட்டு கோணலாக இருந்தது போலிருக்கிறது. ஒரு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இன்னொரு கையைப் பூட்டில் வைத்துக் குனிந்தார்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது அலறல், பெட்டி கீழே இறங்கியிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லாததால்தான் நான் தூங்கவில்லை என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன். தூங்கியிருந்தால் விழித்தது தெரிந்திருக்க வேண்டாமா?

பெட்டியை மேலே தூக்கிவிட்டு இறங்கினேன். அதற்குள் தேசப்பனை வேனில் ஏற்றிவிட்டார்கள். கையில் துணி சுற்றியிருந்தது. ஓய்வு அறையிலிருந்து பாஸ்கர் செருப்பில்லாமல் ஓடி வந்தான். கிரேனின் கால் மறைவில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமு, நீ முயிச்சிகினுதான இருந்த?"

"சத்தியமா முயிச்சிகினுதான்டா இருந்தேன்."

"அதான, ஒனக்குத்தான் தூக்கமே வராதே. அந்தாளுதான் நேரங்கெட்ட நேரத்துல கைய வுட்டுகீறாரு. சரி, கேளு. ஸ்க்ரீன்ல என் பேரு கீது. நானாவே இருக்கட்டும். ஒனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கீது, இன்னொண்ணு வந்துச்சின்னா தூக்கிருவானுங்க. எனுக்கு ஒண்ணும் கெடையாது. மிஞ்சிப் போனா மூணு மாசம் வூட்ல குந்த வெப்பானுங்க. நீ கம்னு இரு."

கம்மென்று இருந்தேன். பார்த்தவர்கள் நான்கைந்து பேர் உண்டு. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எல்லா ஜோடியின் அட்டையும் வெளியே வரும்.

மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள்: எல்லா ஆபரேட்டருக்கும் அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. அன்று மாலையே மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தேசப்பனுக்காக மனம் வருந்தி விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, ரத்தத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, முகச் சவரம் செய்துகொண்டிருந்தவன் அப்படியே விழுந்தேன். வலிப்பு. விஜயா பீரோச் சாவியை என் கையில் திணித்து அழுத்தியிருக்கிறாள். மகள் ஆட்டோ பிடித்திருக்கிறாள். எனக்கு நினைவு வந்தபோது நாக்கு கடிபட்டு வீங்கி, ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கிடந்தேன். கையில் இன்னும் சாவி இருந்தது.

நரம்பியல் டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், சிரிக்காதவர். சாவியை வாங்கி விஜயாவிடம் கொடுத்து, "இத வச்சுப் பீரோவத் திறங்க, வலிப்புக்கு வேண்டாம். அடுத்த தடவை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் விளக்கியது இதுதான். அந்த மாத்திரை மூளைக்குப் போடுகிற பிரேக். மாதக்கணக்கில் பிரேக்கில் காலை வைத்திருந்துவிட்டுத் திடீரென்று எடுத்தால் மூளை தறிகெட்டு ஓடும், அதுதான் வலிப்பு. இனி அதே வகையில் மெதுவாக வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, வாரா வாரம் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் என்று கேட்டாள் விஜயா. "ஒரு வாரம்."

இன்சூரன்ஸ்காரன் வலிப்புக்குத் தருவேன், தூக்கமின்மைக்குத் தரமாட்டேன் என்றானாம். அதனால் என் கோப்பில் வலிப்பு என்று மட்டும் எழுதினார்கள். எட்டு மாதம் என்னை அரித்த வியாதிக்குப் பெயர்கூட இல்லாமல் போனது.

முதல் மூன்று நாட்கள் எதுவும் சரியாக நினைவில்லை. வியர்வை, நடுக்கம், போர்வையில் பூச்சி ஊர்வது போன்ற எரிச்சல். விஜயா இரவெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடிவிடுவேனோ என்று பயமாம். "நீயாவது தூங்கித் தொலை" என்றேன். "நீ தூங்குய்யா, அப்பால நான் தூங்குறேன்" என்றாள். அவள் தலை சாய்ந்து சாய்ந்து விழும்போது எனக்குப் பாவமாக இல்லை. பொறாமையாக இருந்தது.

நான்காம் நாள் என்னை ஒரு சின்னத் தனியறைக்கு மாற்றினார்கள். தலையில் பசை தடவி இருபத்தைந்து ஒயர்கள் ஒட்டினார்கள். மூளையின் மின்சாரத்தை இரண்டு நாள் விடாமல் பதிவு செய்யும் கருவி. எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. உடம்பு என்ன செய்தது, அதே நேரம் மூளை என்ன செய்தது என்று சேர்த்துப் பார்ப்பார்களாம். அன்று மதியம் என்னை உட்கார வைத்து, கையில் ஒரு பட்டன் கொடுத்து, முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். இருபது நிமிடம். ஒரு தடவைகூட விடாமல் அழுத்தினேன் என்று நினைத்தேன்.

மாலையில் டாக்டரம்மா லேப்டாப்பைக் கொண்டு வந்து கட்டில் மேல் வைத்தார். "இங்க பாருங்க. ஒன்பது செகண்டு தூங்கியிருக்கீங்க."

"இல்ல மேடம். நா வெளக்கத்தான் பாத்துகினு இருந்தேன்."

"பாத்துக்கிட்டுதான் தூங்கினீங்க." வீடியோவை ஓடவிட்டார். திரையில் நான். கண் திறந்திருக்கிறது. விரல் பட்டன் மேல் இருக்கிறது. விளக்கு எரிந்து அணைகிறது. மறுபடி எரிந்து அணைகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது முறை எரியும்போது எதுவுமே நடக்காத மாதிரி அழுத்துகிறேன். "இதுக்கு மைக்ரோ ஸ்லீப்னு பேரு, குட்டித் தூக்கம்" என்றார். "நீங்க தூங்க மாட்டேன்னா மூளை விடாது. கேக்காம திருடிக்கும். திருடினது உங்களுக்கே தெரியாது. இருபது நிமிஷத்துல நாலு தடவை திருடியிருக்கு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டுறேன்."

அவர் பேனாவை மூடினார். "இனி உயரத்துல ஏறக் கூடாது. வலிப்பு வந்தவருக்கு அது சட்டப்படியே கூடாது. நான் லெட்டர் தரேன். வேலையில இருக்கும்போது நோய் வந்தா கம்பெனி கீழ வேற வேலை குடுக்கணும்."

அவர் போன பிறகு அந்த ஒன்பது விநாடியை நினைத்துக்கொண்டிருந்தேன். தேசப்பன் கையை உயர்த்தினார். அதன் பிறகு அலறல். நடுவில் இருந்தது என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. ஐயோ என்று நினைத்தேன், அது பொய்யில்லை. அழுகைகூட வந்தது. ஆனால் அழுது முடிப்பதற்குள் கணக்கும் போட்டுவிட்டேன். வியாதிக்காரனாகப் போனால் கீழே ஒரு நாற்காலி கிடைக்கும். தூங்கிக்கொண்டே ஒருவன் கையை நசுக்கியவனாகப் போனால் வீட்டுக்கு அனுப்புவார்கள், போலீஸ் வரும். பத்தொன்பது வருடம், கல்லூரியில் மகள். மனசாட்சி என்பது நாம் நினைப்பதைவிட வேகமாகக் கணக்குப் போடும்.

அன்று இரவு பாஸ்கர் போன் செய்தான். தேசப்பனின் கையைக் காப்பாற்ற முடியவில்லையாம், மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்களாம்.

"மாமு, கேஸு பெருசாய்ட்ச்சி. நாளைக்கி மூணு மணிக்கு விசாரண. ஓட்டுனவன வேலய வுட்டே அனுப்பப்போறானுங்க, ஸ்டேஷன்லயும் எய்தி குடுக்கறானுங்களாம். அட்டய குடுத்துட்டு தூங்குனவனுக்கு சஸ்பென்சன்தான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. வர முடிலன்னா ஒரு லெட்டராவுது எய்திக் குடு."

"பாக்கறேன்டா."

"இன்னா பாக்கற? நீ முயிச்சிகினுதான இருந்த, ஒனுக்கு இன்னா பயம்? இவனுக்குத் தூக்கமே வராதுன்னு டாக்டராண்டயே எய்தி வாங்கு. அந்தாளு மேலதான் தப்புன்னு ஆயிடும். ரெண்டு பேரும் தப்பிச்சிக்கலாம்."

நான் ஒன்பது விநாடியைப் பற்றிச் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பன்னிரண்டு மணி இருக்கும். விஜயா கஞ்சி கொடுத்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் நர்சிடம் யாரோ என் பெயரைச் சொல்லி விசாரிப்பது கேட்டது. தேவியின் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். எட்டு மாதம் தூங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தூங்குகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"அக்கா" என்றாள் தேவி.

"வா தேவி. உஷ். இப்பத்தான் கண்ணசந்தாரு." விஜயாவின் குரலில் அத்தனை சந்தோஷம்.

"மெய்யாலுமா? தூங்குறாரா?"

"பாரேன். எட்டு மாசத்துல மொத தபா பகல்ல தூங்குறாரு."

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கவில்லை. தூக்கி வைத்திருக்கிறாள். பிறகு தேவி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். யார் ஓட்டினார்கள், யார் அட்டை, மூணு மணிக்கு விசாரணை, என்ன தேவை. வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்திருந்தாள்; நான் சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொள்வாளாம், நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். விஜயாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

விஜயா என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன். எழுப்புவாள் என்றுதான் நினைத்தேன். நியாயம் தெரிந்தவள். கடைக்காரன் தவறிப்போய் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தால் திரும்பப் போய்க் கொடுப்பவள். மின்விசிறி சுற்றியது. ரொம்ப நேரம் கழித்து அவள் சொன்னாள்:

"ரொம்ப நாளு கயிச்சி தூங்குறாரு, தேவி."

அவ்வளவுதான். எழுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை.

"எயுப்ப வோணாம்கா" என்றாள் தேவி. "பாவம், எங்காளு சொல்லிகினே இருப்பாரு, மனுசன் கண்ணு ரெண்டும் குயிக்குள்ள பூட்ச்சின்னு. டைம் கீது. ரெண்டு மணிக்குக் கெளம்புனா போதும். அதுக்குள்ள அவரே முயிச்சிக்குவாரு."

காத்திருந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், வெளிச்சம் குறைந்தது இமைக்கு உள்ளேயே தெரிந்தது. வராந்தாவில் துப்புரவு செய்கிற பெண் பக்கெட்டை உருட்டியபோது எழுந்து போய், "எம்மா, மெதுவா. உள்ள தூங்கிகினு கீறாரு" என்றாள். அவளுடைய போன் ஒரு முறை அடித்தது. முதல் மணியிலேயே அமுக்கினாள். பாஸ்கராகத்தான் இருக்க வேண்டும். ஒரு முறை என் அருகில் வந்து நின்றாள். புடவையில் சோப்பு வாசனை. "அண்ணே" என்று கேட்டும் கேட்காத குரலில் கூப்பிட்டாள். மூச்சைச் சீராக விட்டேன். போர்வை காலுக்கு விலகியிருந்தது போலிருக்கிறது, இழுத்து மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கண் திறந்தபோது விடிந்திருந்தது. ஆமாம், மறுநாள். பதினாறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தேன். நடுவில் ரத்த அழுத்தம் பார்த்ததோ ஊசி போட்டதோ எதுவும் தெரியாது. வாயில் எச்சில் காய்ந்திருந்தது. உடம்பில் ஒரு வலி இல்லை. பத்து வயதில் அப்படி எழுந்திருப்பேன்.

விஜயா அழுதுகொண்டே சிரித்தாள். கீழே போய் லட்டு வாங்கி வந்து நர்சுகளுக்கெல்லாம் கொடுத்தாள். தேவி வந்ததைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டரைக்கு யார்டிலிருந்து ஒருவன் போன் செய்து சொன்னான். பாஸ்கரை எடுத்துவிட்டார்கள். விசாரணை பத்து நிமிடம்தான் நடந்ததாம். "நீ வருவேன்னு கேட்டாண்டயே பாத்துகினு இருந்தான்யா" என்றான். உடம்பு சரியில்லை என்றேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்று இரவும் எட்டு மணி நேரம் தூங்கினேன். அதற்கடுத்த இரவும். இதை யாரிடமும் கேட்டுத் தெளிய முடியவில்லை, ஏனென்றால் கேட்டால் சொல்ல வேண்டும். இப்போது நான் யார்டின் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறேன். பகல் வேலை மட்டும். பாஸ்கர் மாதவரத்தில் லாரி ஓட்டுகிறானாம், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய் வருகிறானாம். தேசப்பன் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

அந்த விடிந்த காலையில் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். அன்றுதான் முதன்முதலாக அவர் சிரித்துப் பார்த்தேன். பதிவான கோடுகளை நீளமாக அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். விஜயாவும் பார்க்கட்டும் என்று போர்வை மேல் விரித்தார். "அருமையான தூக்கம். இங்கே ஆரம்பிக்குது பாருங்க, பன்னிரண்டு ஐம்பது. இந்தப் பெரிய பெரிய அலையெல்லாம் ஆழ்ந்த தூக்கம்."

விஜயா, "பன்னண்டு பத்துக்கே தூங்கிட்டாரே மேடம்" என்றாள்.

"இல்லம்மா. அந்த நாப்பது நிமிஷம் முழிச்சுதான் இருந்திருக்கார். இதோ, ஒழுங்கா சீப்புப் பல்லு மாதிரி போகுதில்ல, இந்தக் கோடு? முழிச்சுக்கிட்டே கண்ணை மூடியிருக்கிறவங்களுக்குத்தான் இது வரும். கண்ணைத் திறந்தாலும் போயிடும், தூங்கினாலும் போயிடும். ஏமாத்த முடியாது." என்னைப் பார்த்துக் கேட்டார்: "மத்த பேஷன்டுக்கு சொல்றதுக்காகக் கேக்கறேன். அந்த நாப்பது நிமிஷம் படபடப்பே இல்லாம படுத்திருந்திருக்கீங்க. என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

விஜயா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லட்டு டப்பாவை மூடி, எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஒண்ணும் நெனைக்கல மேடம்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பாஸ்கரை நினைக்கவில்லை, தேசப்பனின் கையை நினைக்கவில்லை. தேவி எப்போது எழுந்து போவாள் என்று மட்டும்தான் காத்துக் கிடந்தேன். அவள் போகவில்லை. என் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன்.